விரிப்பு மடிக்க இரண்டு பேர்

போன வாரம் வரை உடன் வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

அவள் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறாள். தொழில், வேலை, சமூகம் என்று கதையல்லாத புத்தகங்கள் அடுக்கியிருக்கும் பின்பக்கச் சுவர் அவள் பொறுப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழும் உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை. அதில் அவள் கையெழுத்தில் ஒரு சிபாரிசு.

நேர நிர்வாகம் பற்றிய தடித்த புத்தகத்துக்குக் கீழே: 'நேரத்தை மிச்சம் பிடிக்க ஐந்நூறு பக்கம். படித்து முடித்தவர்கள் வந்து சொல்லவும், நேரம் இருந்தால்.'

வேலையை விட்டுவிட்டுக் கனவைத் துரத்தச் சொல்லும் புத்தகத்துக்கு: 'முதலில் படியுங்கள், பிறகு விடுங்கள். வரிசை முக்கியம்.'

வீட்டு வேலைக்கு ஏன் சம்பளமில்லை என்று ஆராயும் புத்தகத்துக்கு: 'கணவருக்குப் பரிசளிக்க ஏற்றது. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வைத்துக் கொடுக்கவும்.'

இந்த வரிகளைப் படிக்கவே ஆட்கள் வருவார்கள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'அட்டை அக்கா'. கடிபட்ட எழுத்தாளர்கள், அந்தப் பெயர் இரண்டு அர்த்தத்திலும் பொருத்தம் என்றார்கள்.

போன வாரம் அவள் கடித்தது ஒரு முதலாளியை. ஊரில் பாதி மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துத் தரும் சலவை நிறுவனத்தின் சொந்தக்காரர். 'வெளுப்பும் வெற்றியும்' என்று தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டிருந்தார். அக்கா எழுதினாள்:

'ஒரு முதலாளி தன் வெற்றியின் ரகசியத்தைச் சொல்கிறார். இந்தப் புத்தகத்தில் 'நான்' என்ற சொல் இல்லாத பக்கம் ஒன்றே ஒன்று. அதில் அச்சகத்தின் முகவரி இருக்கிறது.'

யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட, அது கைபேசி கைபேசியாக ஊரைச் சுற்றியது. ஆட்கள் வந்து அச்சக முகவரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் புத்தகத்தையும் வாங்கிப் போனார்கள். கடைக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏனென்றால் இன்று மாலை அந்த முதலாளியே கடைக்கு வந்து, வாசகர்களுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்.

இன்னொன்றும் உண்டு. அக்காவின் தம்பி வேலை பார்ப்பது அந்த முதலாளியிடம்தான்.

*

காலையில் கடை திறந்த கையோடு தம்பி வந்து நின்றான். சட்டைப் பையில் பேனா, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்னடா, ஆபீஸ் போகலையா?"

"போகணும். சாயங்காலம் அவர் பேசப் போறதை எழுதித் தரணும்."

தம்பி முதலாளியின் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறான். அவருடைய கடிதங்கள், பேச்சுகள், வாழ்த்துகள் எல்லாம் அவன் கையால் போகும். முன்பு ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். தமிழ் நன்றாக எழுதுகிறான் என்று மேலே இழுத்துக்கொண்டார்கள்.

"அட்டைக்காக உன்னைத் திட்டினாரா?" என்று அக்கா கேட்டாள். "எடுக்கச் சொல்லி அனுப்பினாரா? நான் எடுக்க மாட்டேன். நீயே எத்தனை நாள் வீட்டுல அவரைப் பத்திச் சொல்லிச் சிரிச்சிருக்க!"

"அவர் ஒண்ணும் சொல்லலை."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்க?"

தம்பி சுவரைப் பார்த்தான். அடுக்கில் 'வெளுப்பும் வெற்றியும்' வரிசையாக நின்றது. ஒவ்வொரு முதுகிலும் முதலாளியின் பெயர்.

"அந்த 'நான்' எல்லாம் நான் போட்டதுதான்கா."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த தூசித் துணியை மேசைமேல் வைத்தாள்.

"முழுசும் நீயா எழுதின?"

"முழுசும். அவர் காருல போகும்போது நாலு வார்த்தை பேசி அனுப்புவார். மீதி நான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. உன்கிட்ட இப்ப சொன்னதே தப்பு."

"உன் பொண்டாட்டிக்கு?"

"அவளுக்குத் தெரியும். பக்கத்துல உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்த்ததே அவதான்."

அக்கா அட்டையை நோக்கிக் கை நீட்டினாள். "எடுத்துடறேன்டா. இப்பவே எடுத்துடறேன்."

"வேண்டாம்." குரலில் கோபமில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "சரியாத்தான் எழுதியிருக்க. படிச்சப்ப நானே சிரிச்சேன். நான் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதினதை நீ ரெண்டு வரியில முடிச்சுட்ட. அது உன் திறமை. ஒண்ணு மட்டும் சொல்லு. முழுசாப் படிச்சியா?"

அக்கா தூசித் துணியை மறுபடி கையில் எடுத்தாள். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்திருந்தாள். நடுவில் அங்கங்கே புரட்டியிருந்தாள். இந்த மாதிரிப் புத்தகத்துக்கு அது போதும் என்பது அவள் அனுபவம்.

தம்பி தலையை மட்டும் ஆட்டினான். "நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டான்.

*

கடையின் பின்னால், பிரிக்காத பார்சல்கள் கிடக்கும் சின்ன அறையில் அக்கா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து படித்தாள். கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அவள் நிமிராததைக் கண்டு அவரே போய் கல்லாவில் உட்கார்ந்தார்.

முதல் ஆறு அத்தியாயங்களும் அவள் நினைத்தபடிதான். நான் தொடங்கினேன், நான் துணிந்தேன், நான் தோற்றேன், நான் எழுந்தேன். தம்பியின் கை இதில் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடித் தேடிப் படித்தாள். தெரியவில்லை. கூலிக்கு மாரடித்தது போலத்தான் இருந்தது.

ஏழாம் அத்தியாயத்தில் அவள் வேகம் குறைந்தது.

'ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் கையைத் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். வந்து, தன் கையிலிருக்கும் மூலையை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். மடிப்புக் கூடத்தில் குட்டையம்மா, நெட்டையம்மா என்று இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ ஒரு பழைய மனத்தாங்கல். வேறு மேசை கேட்டு இருவருமே வந்ததில்லை. பேசாமலே ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். மூலையைக் கொடுக்கும்போது நெட்டையம்மா மற்றவளின் விரல் படாமல் கொடுப்பாள். அப்படிக் கொடுப்பதற்கு மிகுந்த கவனம் வேண்டும். அவ்வளவு கவனமாக யாரும் யாரையும் கூடத்தில் பார்த்ததில்லை.

பிறகு மடிக்கும் இயந்திரம் வந்தது. வேலை மும்மடங்கு வேகமானது. குட்டையம்மா ஓர் இயந்திரத்திலும் நெட்டையம்மா மற்றொன்றிலும் நிறுத்தப்பட்டார்கள். இடையில் ஒரு தூண். உற்பத்திக் கணக்கில் அந்த மாதம் எல்லாமே ஏறியிருந்தது. சமாதானம் ஆக இருந்த ஒரே வழி அடைபட்டதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.'

அக்கா அதை இரண்டாம் முறை படித்தாள். சிறு வயதிலிருந்து வாய் திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி, அங்கே முழுசாக இருந்தான்.

மூன்றாவது முறை படித்தபோதுதான் வேறொன்று உறைத்தது. பக்கம் பக்கமாகத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள். அந்த அத்தியாயம் முழுவதிலும் 'நான்' என்ற சொல் இல்லை.

அப்படியானால் ஊரே சிரித்த அவளுடைய அட்டை, வேடிக்கை என்பதற்கு அப்பால், பொய்.

*

மதியம் தம்பியின் மனைவி வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. சாப்பாட்டு இடைவேளையில் மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். அவள் வந்தபோது அக்கா பழைய அட்டையை உருவிவிட்டுப் புதியதைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கீங்க? காட்டுங்க."

'திருத்தம்: 'நான்' இல்லாத பக்கம் ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன். தவறு. ஏழாம் அத்தியாயம் முழுவதிலும் இல்லை. இதை எழுதிய கை வேறு. அந்தக் கைக்கு என் வணக்கம்.'

தம்பி மனைவி படித்து முடித்து, அட்டையைச் சத்தமில்லாமல் உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்ற?"

"நீங்க ஏதாவது நல்லது பண்ணிடுவீங்களோன்னு பயந்துதான் ஓடி வந்தேன். பண்ணியே வெச்சிருக்கீங்க."

"அவன் பேரை நான் எழுதலையே."

"'எழுதிய கை வேறு'ன்னா முதலாளிக்குப் புரியாதா? அந்த ஆபீஸ்ல எழுதத் தெரிஞ்ச கை வேற எது? முதல்ல அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னாங்க தெரியுமா, விற்பனைக்கு உதவாதுன்னு. இவர்தான் மன்றாடி உள்ள வெச்சார். வேலை போனா வேற வேலை தேடிக்கலாம், அது இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மீறினான்னு பேர் வந்தா, அப்புறம் யாரும் இவரை நம்பி ஒரு கடிதம் எழுதச் சொல்ல மாட்டாங்க. எழுதறது ஒண்ணுதான் இவருக்குத் தெரியும்."

"அப்ப அந்தப் பொய்யை அப்படியே விட்டுடட்டுமா? நல்லா எழுதினதை நல்லா எழுதியிருக்குன்னு சொல்லாம இருக்கச் சொல்றியா?"

"சொல்லுங்க. புத்தகத்தைச் சொல்லுங்க. கையைச் சொல்லாதீங்க." கொஞ்சம் தணிந்த குரலில், "அவருக்கு ஊர் பாராட்டு வேண்டாம்கா. நீங்க அதைப் படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சாலே போதும். காலையில இங்க வந்ததே அதுக்குத்தான்" என்றாள்.

அக்கா வேறொரு அட்டையை எடுத்தாள். கடைசி வரியை மாற்றினாள்:

'திருத்தம்: 'நான்' இல்லாத பக்கம் ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன். தவறு. ஏழாம் அத்தியாயம் முழுவதிலும் இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள். இப்படிக்கு, பாதி படித்துவிட்டு முழுசாகக் கேலி செய்தவள்.'

தம்பி மனைவி கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "இது பரவாயில்லை" என்றாள்.

*

மாலையில் கடை நிரம்பிவிட்டது. பாதிப் பேர் அட்டையால் வந்த கூட்டம். முதலாளி கோபப்படுவதை நேரில் பார்க்கலாம் என்று வந்தவர்கள்.

அவர் கோபப்படவில்லை. வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, எல்லோருக்கும் ஒரு கும்பிடு. நேராகப் பின்சுவருக்குப் போய் அட்டையைப் படித்தார். பிறகு கூடவே வந்த தம்பியின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்: "ஏழாவது எதுப்பா?"

"மடிக்கிற ஹாலைப் பத்தினது சார்."

அருகில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது.

அரை நிமிடத்தில் அவர் ஒலிவாங்கியின் முன்னால் இருந்தார். "இந்தம்மா என்னைக் கிண்டல் பண்ணி எழுதினாங்க. இன்னைக்கு அவங்களே திருத்தியிருக்காங்க. பெரிய மனசு. எனக்கும் அந்த ஏழாம் அத்தியாயம்தான் மனசுக்கு ரொம்ப நெருக்கம். ஒவ்வொரு வரியும் அனுபவிச்சு எழுதினது."

கைதட்டல். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் கடைக்காரர்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எழுந்தும் முன்னால் இருந்தவர்களின் தலை மறைத்ததால், ஓரமாக நகர்ந்து வந்து நின்றாள். கையில் அந்தப் புத்தகம். ஆலையில் எல்லோருக்கும் வாசலில் வைத்துக் கொடுத்த பிரதி.

"ஐயா, நான் உங்க லாண்டரியிலதான் வேலை பார்க்கிறேன். இதுல வர்ற குட்டையம்மா நான்தான்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிலர் கைதட்டினார்கள். முதலாளி முகம் மலர்ந்து, "வாங்கம்மா, வாங்க! பாருங்க, என் குடும்பமே வந்திருக்கு" என்றார்.

"ஒரு சந்தேகம். நாங்க பேசிக்கலைங்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா மூலையைக் கொடுக்கும்போது அவ என் விரல்ல படாம கொடுப்பான்னு எழுதியிருக்கே, அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நான் எல்லாத்தையும் கவனிப்பேம்மா. முதலாளின்னா அப்படித்தான் இருக்கணும்."

"இல்லைங்க ஐயா, நீங்க ஹாலுக்கு வந்ததே இல்லையே."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவளின் குரல்தான் அது. அதனால் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி சட்டைப் பையைத் தடவினார். எழுதித் தந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை.

சுவரோரம் நின்ற அக்காவின் வாய் திறந்தது. வேலை முடிந்து வந்திருந்த தம்பி மனைவி அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

தம்பி எழுந்தான்.

"அப்ப நான் அங்க மேற்பார்வைக்கு இருந்தேன்மா. ஜன்னல் பக்கத்து மேசை. அங்க இருந்து பார்த்தா உங்க ரெண்டு பேர் கையும் தெரியும்."

அந்தப் பெண் அவனை உற்றுப் பார்த்தாள். "அட, நீங்களா தம்பி! அப்ப எழுதினது நீங்களா?"

அவன் முதலாளியைப் பார்த்தான். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். அடுத்தவருக்காக அத்தனை 'நான்' எழுதியவனுக்கு, தனக்காக ஒன்றைச் சொல்ல நாக்கு உடனே எழவில்லை.

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ கைபேசியைத் தூக்கினார்கள். கடைக்காரர் ஒலிபெருக்கியை அணைப்பதா வேண்டாமா என்று தவித்தார்.

அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒண்ணும் தப்பா எழுதலை. என்னைக் குட்டைன்னு எழுதினது ஒண்ணுதான் வருத்தம், அது கிடக்கட்டும். அவ இப்ப நம்ம கம்பெனியில இல்லை. மெஷின் வந்து கொஞ்ச நாள்ல நின்னுட்டா. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டல்ல இருக்கா. அவளுக்கு இந்தப் புத்தகம் கிடைச்சிருக்காது. நான் கொடுத்தா வாங்க மாட்டா. நீங்க கொண்டுபோய்க் கொடுக்குறீங்களா?"

"கொடுக்கிறேன்மா."

"சும்மா கொடுக்காதீங்க, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அப்பதான் கீழ போட மனசு வராது."

முதலாளி பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்துகொண்டு கையை நீட்டினார். "கொடுங்கம்மா. அவங்க பேர் என்ன?"

அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. சங்கடமாகச் சிரித்தாள். "நீங்க இல்லைங்க ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க. எழுதினவர் போடட்டும்."

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. பேனாவை மூடவும் இல்லை. பிறகு அதைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கிக்கொண்டான். புத்தகத்தைத் திறந்தான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், அச்சக முகவரி என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் புத்தகத்திலும் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. கூட்டத்துக்கு மேலாக அவன் கண் அக்காவைத் தேடியது.

"எங்க போடணும்கா?"

எத்தனையோ எழுத்தாளர்களுக்குப் பக்கத்தில் நின்று பக்கம் திருப்பிக் கொடுத்தவள் அவள். கிட்டே வந்து தலைப்புப் பக்கத்தைத் திறந்து பிடித்தாள். நடுவில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே நிறைய வெள்ளை இடம்.

"இங்கடா" என்றாள். அவன் எழுதும்போது, மற்றவர் காதில் விழாமல், "மூணு தடவை படிச்சேன்" என்றாள்.

அவன் நிமிரவில்லை. பேனா ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

*

கூட்டம் கலைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முதலாளி மீதிப் பேருக்குக் கையெழுத்துப் போட்டார். வரிசை குறைவாகத்தான் இருந்தது. யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. கும்பிட்டு, வெளியே போய், வண்டியில் ஏறிக்கொண்டார்.

தம்பி மனைவி அவனுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள்.

அதற்குள் ஓட்டுநர் உள்ளே வந்தார். "சார், ஐயா உங்களை வண்டிக்கு வரச் சொல்றார்."

"எதுக்கு?" என்று தம்பி மனைவிதான் கேட்டாள்.

"சொல்லலைம்மா. அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வரச் சொன்னார்."

தம்பி அவளிடம் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் ஏறியதும் பின்கதவு மூடியது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. பெரியவர் ஏதோ கேட்டார். தம்பி பதில் சொன்னான். பெரியவர் மறுபடி கேட்டார். பிறகு விளக்கு அணைந்தது, வண்டி கிளம்பியது.

அக்காவும் தம்பி மனைவியும் நடைபாதை விளிம்புவரை வந்து நின்றார்கள்.

"வீட்டுல இறக்கி விடுவாராயிருக்கும்" என்றாள் அக்கா.

"இல்லைன்னா ஆபீஸுக்குப் போவாங்க. கையெழுத்து வாங்கின பேப்பர் அங்கதான் இருக்கு."

வீடும் இடப்பக்கம், அலுவலகமும் இடப்பக்கம். முக்குவரை போன வண்டி அங்கே தயங்கியது. பிறகு வலப்பக்க விளக்கு மின்னியது.

தம்பி மனைவி அக்காவின் கையைப் பற்றினாள். அந்தப் பக்கம் கடை கண்ணி எதுவும் கிடையாது. சாலை முடியும் இடத்தில் இருப்பது சலவை ஆலை ஒன்றுதான். மாலை ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும். மடிப்புக் கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.